பின்னமும் சதவீதமும்

கணக்கு என்ற சொல்லைக் கேட்ட அளவில் முகம் வாடும் மாணவர் நம்மிடையே பலர் உளர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நால்வகைச் செய்கைகளையும் பிழையின்றிச் செய்ய வல்லவரும், அச்செய்கைகளே ஒரு சிறு கதையின் உருவில் வந்து நிற்கும்போது திகைத்துப் போகின்றனர். 3/5 என்பதை 2/3 என்பதால் பெருக்குக என்றால் நொடிப்பொழுதில் 2/5 என்று விடை கூறுவர். அதனையே, 'இருந்த நூலில் ஐந்தில் இரண்டு பங்கு செலவாயிற்று. மீதியில் மூன்றில் ஒரு பங்கும் செலவாயிற்று. எஞ்சியது எத்தனை பங்கு?' என்று வினவினால், எழுதுகோல் காகிதத்தின்மேல் நின்றுவிடுகின்றது. செய்கை இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு மொழியில் உள்ளது. ஆதலின் இவ்வகைக் கணக்குகளில் இடர்ப்படுவோர்க்கு வேண்டுவது எண் பயிற்சி மட்டுமன்று. வாக்கியத்தைக் கூர்ந்து படிக்கும் பயிற்சியும் ஆகும். இது பற்றியே இப்பொருளை மலரின் தமிழ்ப் பகுதியில் எழுத முற்பட்டோம்.

இக்காலத்தில் இக்கணக்குகளுக்கு ஏற்பட்டுள்ள மதிப்பு யாவரும் அறிந்ததே. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வில் வினாக்கள் 200. காலம் மூன்று மணி நேரம். அவற்றுள் 25 வினாக்கள் திறனறிதலைச் சார்ந்தவை. சுருக்குதல், சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும் முதலியன அதன் பாடத்திட்டத்தில் உள்ளன. 180 நிமிடங்களை 200 வினாக்களுக்குப் பங்கிட்டால் ஒரு வினாவுக்கு ஒரு நிமிடத்தில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 54 வினாடியே கிடைக்கும். இக்குறுகிய பொழுதில் நான்கு விடைகளுள் சரியானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். பயிலாதவன் இங்கே ஊகத்தையே துணைக்கொள்வான். அவ்வூகம் அவனை எவ்வாறு ஏமாற்றும் என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

ஆயினும் தேர்வுக்காக மட்டும் கற்கும் கல்வி தேர்வுடன் மறைந்துவிடும். இக்கணக்குகள் நம் நாட்டில் உயிருடன் உலவும் இடம் ஒன்று உண்டு. நொய்யலாற்றங்கரையில் உள்ள திருப்பூரும், அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம் முதலிய ஊர்களும் அவ்விடமாம். பனியன் தொழிலால் உலகெங்கும் பெயர் பெற்ற அவ்வூரில் பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சாயமேறி, வெட்டுண்டு, தையலுண்டு, பெட்டியில் அடங்கும் வரை ஒவ்வொரு படியிலும் ஒரு பின்னமும் ஒரு சதவீதமும் குறுக்கே வருகின்றன. அங்கே பிழையான விடைக்குப் போவது மதிப்பெண் அன்று, காசு. ஆதலின் திருப்பூரையே நாம் கணக்குப் பலகையாகக் கொண்டு இப்பொருளை விளக்கப் புகுகின்றோம்.

பின்னம் தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியைச் சிறுவர் மனப்பாடம் செய்த காலத்தில், முக்கால், அரை, கால் என்பவற்றோடு அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்பனவும் அவர்கள் நாவில் நடமாடின. அரைக்கால் எட்டில் ஒன்று. வீசம் அல்லது மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இவ்வளவைகளைக் கொண்டே கணக்குகளைச் செய்யுளில் அமைத்துக் காட்டின. நூற்றுக்கு இத்தனை என்று கூறும் சதவீதத்தை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரு பொருளே என்பது தெளிவாகும். 5 சதவீதம் என்பது ஒரு மா. 10 சதவீதம் இருமா, 15 மும்மா, 20 நாலுமா. 12½ சதவீதம் அரைக்கால்; 6¼ சதவீதம் வீசம்; 1¼ சதவீதம் காணி. சதவீதம் என்பது கீழெண் எப்போதும் 100 ஆக நிற்கும் ஒரு பின்னமே, வேறொன்றும் அன்று. இதனை உணர்ந்தவனுக்குப் பாதி அச்சம் நீங்கும்.

மற்றப் பாதி அச்சத்தை நீக்குவது ஒரு வினா. 'எதன்மேல்?' என்பதே அவ்வினா. அரை என்று ஒருவர் சொன்னால் நாம், எதில் அரை என்று கேட்கின்றோம். 25 சதவீதம் என்று சொன்னால் மட்டும் எதன்மேல் என்று கேளாது விட்டுவிடுகின்றோம். பின்னமும் சதவீதமும் தம்மளவில் அளவாகா. அவை ஒரு முழுமையின் பங்குகள். அம்முழுமை மாறினால் பங்கின் அளவும் மாறும். வாக்கியக் கணக்குகளில் நேரும் பிழைகளில் மிகப் பல, முழுமை மாறியதை அறியாமையால் நேர்வனவே. இனி இதனை உதாரணங்களால் காண்போம்.

முதலில் எடுத்துக்கொண்ட நூல் கணக்கையே முடிப்போம். ஒரு நிட்டிங் கூடத்தில் இருந்த நூலில் முதல் நாள் ஐந்தில் இரண்டு பங்கு செலவாயிற்று. மறுநாள் மீதியில் மூன்றில் ஒரு பங்கு செலவாயிற்று. எஞ்சியது 240 கிலோ. தொடக்கத்தில் இருந்தது எவ்வளவு? விடைகள்: 480, 600, 720, 900. அவசரப்படுவோன் 2/5, 1/3 என்னும் இரண்டையும் கூட்டி 11/15 செலவு என்றும், எஞ்சியது 4/15 என்றும், அது 240 ஆதலின் முழுமை 900 என்றும் முடிவு செய்வான். அவ்விடை நான்கினுள் ஒன்றாக அமர்ந்திருத்தலைக் கண்டு அவன் மகிழ்ச்சியும் அடைவான். வினா வகுப்போர் தவறான விடைகளை ஆராயாது இடுவதில்லை. மாணவன் எங்கே வழுக்குவான் என்று எண்ணிப் பார்த்து, அவ்வழுக்கலின் முடிவில் ஒரு விடையை வைத்துவிடுகின்றனர். ஆதலின் நம் விடை அங்கே இருக்கின்றது என்பது அது சரி என்பதற்குச் சான்று ஆகாது.

உண்மையில் 'மீதியில்' என்ற ஒரு சொல்லில் கணக்கு முழுவதும் அடங்கியுள்ளது. முதல் நாளுக்குப் பின் முழுமை மாறிவிட்டது. எஞ்சிய 3/5 பங்கே இரண்டாம் நாளுக்குரிய முழுமை. அதில் மூன்றில் ஒன்று போக, மூன்றில் இரண்டு நிற்கும். ஆகவே எஞ்சியது 3/5 × 2/3 = 2/5. அது 240 கிலோ எனின் முழுமை 600 கிலோ. இதனைச் சோதிப்பது எளிது. 600இல் முதல் நாள் 240 போனால் 360. அதில் மூன்றில் ஒன்றாகிய 120 போனால் 240. சரி. 900ஐ வைத்துப் பார்த்தால் முதல் நாள் 360 போய் 540. அதில் 180 போய் 360 எஞ்சும். அது 240 அன்று. விடைகள் நான்கும் கண்ணெதிரே இருக்கும் தேர்வில், ஐயம் தோன்றுமாயின் விடையை வினாவினுள் மீண்டும் புகுத்திப் பார்த்தலே நம்பத்தக்க வழி.

இனி நூலின் நம்பரைப் பார்ப்போம். திருப்பூரில் 30ஆம் நம்பர் நூல், 40ஆம் நம்பர் நூல் என்று வழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். எண் பெரிதானால் நூல் தடிமனாக இருக்கும் என்று புதியவர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. பருத்தி நூலுக்குரிய ஆங்கில முறையில் ஒரு சிட்டம் என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் எத்தனை சிட்டம் உண்டோ அதுவே அந்நூலின் நம்பர். 30ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 30 சிட்டம். ஆதலின் ஒரு சிட்டத்தின் எடை பவுண்டில் 30இல் ஒன்று. 40ஆம் நம்பரில் அது 40இல் ஒன்று. கீழெண் பெருகப் பின்னம் சிறுக்கும் என்னும் விதியை இந்நூல் கண்முன்னே காட்டுகின்றது.

இப்போது ஒரு வினா. 40ஆம் நம்பர் நூல், அதே நீளமுள்ள 30ஆம் நம்பர் நூலைவிட எத்தனை சதவீதம் எடை குறைந்தது? 30ஆம் நம்பர் நூல் 40ஆம் நம்பரைவிட எத்தனை சதவீதம் எடை மிகுந்தது? இரண்டுக்கும் ஒரே விடை என்று நினைப்பது இயல்பு. 1/30, 1/40 என்பவற்றை 120இல் வைத்தால் 4/120, 3/120 ஆகும். அதாவது 4 பங்கும் 3 பங்கும். வேறுபாடு ஒரு பங்கு. குறைவைக் கேட்கும்போது 4 பங்கு முழுமை. ஆகவே 4இல் 1, 25 சதவீதம். மிகுதியைக் கேட்கும்போது 3 பங்கு முழுமை. ஆகவே 3இல் 1, 33⅓ சதவீதம். வேறுபாடு ஒன்றே, முழுமை இரண்டு, ஆதலின் சதவீதமும் இரண்டு. 'விட' என்னும் உருபுக்கு முன் நிற்கும் பொருளே முழுமை என்று கொள்க. இவ்வொரு தமிழ் இலக்கணக் குறிப்பு பல கணக்குகளைத் தீர்த்துவைக்கும்.

விலை ஏற்றித் தள்ளுபடி கொடுக்கும் கணக்கும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 100 ரூபாய் அடக்கமுள்ள பனியனுக்கு 25 சதவீதம் ஏற்றி 125 ரூபாய் என்று குறிக்கின்றார் ஒரு வணிகர். பின்னர் 20 சதவீதம் தள்ளுபடி செய்கின்றார். 5 சதவீதம் ஆதாயம் நிற்கும் என்று நினைப்பாராயின் அவர் ஏமாந்தவர். தள்ளுபடி 125இன் மேல் நடப்பது. அது 25 ரூபாய். கையில் வருவது அடக்க விலையே. பின்னமாக எழுதினால் 5/4 × 4/5 = 1 என்று ஒரு வரியில் முடியும்.

சாயப்பட்டறையும் வெட்டு மேசையும் இப்பாடத்தை இன்னும் ஆழமாகக் கற்பிக்கின்றன. பின்னிய துணி சாயமேறி உலரும்போது எடையில் சிறிது குறைகின்றது. சாயமேறிய துணியை வடிவுக்கு வெட்டும்போது ஓரங்கள் கழிவாகின்றன. ஒரு கணக்குக்காக முதற்குறைவு 5 சதவீதம் என்றும், இரண்டாவது 15 சதவீதம் என்றும் கொள்வோம். ஒன்றுக்கு 170 கிராம் எடையுள்ள 1,900 சட்டைகள் அனுப்ப வேண்டும். சட்டைகளின் மொத்த எடை 323 கிலோ. பின்னிய துணி எவ்வளவு வேண்டும்?

ஐந்தும் பதினைந்தும் இருபது. ஆதலின் 323உடன் அதன் 20 சதவீதமாகிய 64.6ஐக் கூட்டி 387.6 கிலோ போதும் என்பான் ஒருவன். இவன் செய்த தவறுகள் இரண்டு. கழிவுகள் துணியின்மேல் கணக்கிடப்பட்டவை. இவனோ அவற்றைச் சட்டையின்மேல் ஏற்றினான். அன்றியும், 15 சதவீதம் சாயமேறிய பின் நின்ற எடையின்மேல் கூறப்பட்டது. இவனோ இரண்டையும் ஒரே முழுமையின் பங்குகளாகக் கொண்டு கூட்டினான். முறைப்படி பின்னோக்கிச் செல்வோம். வெட்டியபின் நிற்பது 100இல் 85. ஆகவே வெட்டு மேசைக்கு வரவேண்டிய துணி 323 × 100/85 = 380 கிலோ. சாயத்தின்பின் நிற்பது 100இல் 95. ஆகவே சாயத்துக்கு அனுப்ப வேண்டியது 380 × 100/95 = 400 கிலோ. முதல்வன் கணக்கிட்ட 387.6 கிலோவைச் சாயத்துக்கு விட்டால் இறுதியில் 313 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே சட்டை கிடைக்கும். 10 கிலோ குறையும்; ஏறக்குறைய 59 சட்டைகள் பெட்டியில் இரா. கப்பலேற்றும் நாளில் இக்குறை தெரியவருமாயின், அதே சாயத்தில் சிறிதளவு துணியை மீண்டும் ஏற்றி நிறத்தை ஒப்புக்கொள்ளச் செய்வது எத்துணை அரிது என்பதைத் தொழில் அறிந்தோர் அறிவர். கழிவு என்றால் முன்னோக்கிப் பெருக்குக. தேவை என்றால் பின்னோக்கி வகுக்குக. இதுவே இவ்வகைக் கணக்குக்குரிய விதி.

சாயத்தொட்டியினுள்ளும் இரு முழுமைகள் ஒருங்கே இருத்தல் வியப்பைத் தரும். பருத்தித் துணிக்குச் சாயமிடுவோர் 3 சதவீத நிறம் என்று கூறுவது துணியின் எடையின்மேல். 100 கிலோ துணிக்கு 3 கிலோ சாயம். அதனோடு சேர்க்கும் உப்பையோ லிட்டருக்கு இத்தனை கிராம் என்று தண்ணீரின்மேல் கணக்கிடுகின்றனர். துணி ஒரு பங்குக்குத் தண்ணீர் 8 பங்கு என்னும் விகிதத்தில் 100 கிலோ துணிக்கு 800 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு எனின் 48 கிலோ உப்பு. தண்ணீரை 6 பங்காகக் குறைத்துச் சாயமிடவல்ல இயந்திரத்தில் 600 லிட்டரும் 36 கிலோ உப்பும் போதும். உப்பு 25 சதவீதம் குறைந்தது. சாயம் 3 கிலோவாகவே நின்றது. ஏனெனில் துணி மாறவில்லை, தண்ணீரே மாறிற்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சாயப்பட்டறைகளின் உப்பு நீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுப்புற உழவர்களின் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு துளியும் வெளிவிடாத நிலையை எய்தும் வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதன்பின் நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறையும், உப்பைப் பிரித்தெடுக்கும் முறையும் அங்கே வேரூன்றின. ஒரு தொட்டியில் 48 கிலோவா 36 கிலோவா என்னும் கணக்கு, ஓர் ஆற்றின் நலத்தையும் பட்டறையின் செலவையும் ஒருசேரத் தீர்மானிக்கும் கணக்காகும்.

முழுமை மாறும்போது கூட்டலாகாது என்றோம். முழுமை மாறாதபோது கூட்டலாம், கூட்டியே ஆகவேண்டும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா வழக்கமான சுங்கவரிக்கு மேல் 25 சதவீதம் வரி விதித்தது. ஆகஸ்டு 27 முதல் மேலும் 25 சதவீதம் விதித்தது. இவ்விரண்டும் சேர்ந்து எவ்வளவு? தொடர் சதவீதக் கணக்கைப் பழகியவன் 100 என்பது 125 ஆகி, அதன்மேல் 25 சதவீதம் ஏறி 156.25 ஆகும், ஆதலின் வரி 56.25 சதவீதம் என்பான். அது தவறு. இரண்டாம் வரி முதல் வரியின்மேல் விதிக்கப்பட்டதன்று. இரண்டும் பொருளின் மதிப்பாகிய ஒரே முழுமையின்மேல் விதிக்கப்பட்டவை. ஆதலின் 25உம் 25உம் 50 என்றே ஆயின. அமெரிக்கச் சந்தையை நம்பிய திருப்பூர்த் தொழிலாளர்க்கு அது எத்துணைப் பெருஞ்சுமையாயிற்று என்பதை அக்காலச் செய்தித்தாள்களைப் படித்தோர் மறவார். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவன் இங்கே தவறுவான். எதன்மேல் என்று கேட்டவன் தவறான்.

சதவீதம் ஒன்றினின்று மற்றொன்றாக மாறுதலும் ஆராயத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் ஆடைகளின் சரக்கு சேவை வரியில் ஒரு மாற்றம் வந்தது. அதற்குமுன் 1,000 ரூபாய் வரை மதிப்புள்ள ஆடைக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 12 சதவீதமும் வரி இருந்தது. புதிய முறையில் 2,500 ரூபாய் வரை 5 சதவீதமும், அதற்குமேல் 18 சதவீதமும் ஆயின. 2,000 ரூபாய் மதிப்புள்ள ஆடையைக் கொள்வோம். வரி 12இலிருந்து 5 ஆயிற்று. வாங்குவோன் எத்தனை சதவீதம் குறைவாகக் கொடுப்பான்? 7 சதவீதம் என்பது உடனே தோன்றும் விடை. முன்பு அவன் கொடுத்தது 2,240. பின்பு கொடுப்பது 2,100. மிச்சம் 140 ரூபாய். 2,240இல் 140 என்பது 16இல் 1. அதாவது 6¼ சதவீதம். நம் முன்னோர் கூறிய வீசம். 7 என்பது ஆடையின் மதிப்பின்மேல். 6¼ என்பது அவன் முன்பு கொடுத்த தொகையின்மேல். வரியை மட்டும் நோக்கினாலோ 240 ரூபாய் 100 ஆயிற்று. அது 58⅓ சதவீதக் குறைவு. ஒரே நிகழ்ச்சி, மூன்று முழுமைகள், மூன்று சதவீதங்கள். விளம்பரங்களிலும் மேடைகளிலும் இம்மூன்றில் எது எடுத்துரைக்கப்படுகின்றது என்பதைக் கவனிப்பது குடிமக்களுக்குரிய கடமையுமாம்.

வரியுட்பட்ட விலையினின்று வரியைப் பிரிக்கும் கணக்கும் தேர்வுகளில் அடிக்கடி வருவதொன்று. 5 சதவீத வரியுடன் ஒரு பற்றுச்சீட்டின் தொகை 1,050 ரூபாய். ஆடையின் மதிப்பு என்ன? 1,050இல் 5 சதவீதமாகிய 52.50ஐக் கழித்து 997.50 என்பது பிழை. வரி 1,050இன் மேல் விதிக்கப்படவில்லை. மதிப்பு 100 எனின் பற்றுச்சீட்டில் 105. ஆகவே 1,050 × 100/105 = 1,000 ரூபாய்.

இறுதியாக உழைப்போர் கூலிச்சீட்டுக்கு வருவோம். தீபாவளிக்கு முன் திருப்பூர்த் தெருக்களில் மிகுதியாகப் பேசப்படும் சொல் போனசு. 1965ஆம் ஆண்டின் போனசுச் சட்டத்தின்கீழ் குறைந்த அளவாக நின்றது 8.33 சதவீதம். பார்வைக்குக் கரடுமுரடான இவ்வெண் எங்கிருந்து வந்தது? 100ஐ 12ஆல் வகுத்தால் 8⅓. ஆண்டின் 12 திங்களில் ஒரு திங்கள் சம்பளம் என்பதே அதன் பொருள். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதனை 8⅓ என்று பின்னமாகவே எழுதியுள்ளது. போனசுக்குக் கணக்காகும் சம்பளம் திங்களுக்கு 7,000 ரூபாய் எனின், ஆண்டுக்கு 84,000; அதன் 12இல் ஒன்று 7,000. இதனைப் பெருக்கிப் பார்க்க வேண்டுவதே இல்லை. 84,000ஐ 0.0833ஆல் பெருக்குவோன் நேரத்தையும் இழந்து, 6,997.20 என்னும் குறையுள்ள விடையையும் பெறுவான். ஆயினும், எத்தொகை போனசுக்குக் கணக்காகும் என்பதற்குச் சட்டம் ஒரு வரம்பு வகுத்துள்ளது. அங்கும் எதன்மேல் என்ற வினாவே முதலில் நிற்கின்றது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 0.75 என்பதைக் கண்டவுடன் முக்கால் என்று படித்து மயங்குவோர் உளர். அது முக்கால் அன்று, நூற்றுக்கு முக்கால். 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளி கொடுப்பது 90 ரூபாய். முதலாளி கொடுப்பது 390 ரூபாய். இரண்டும் ஒரே சம்பளத்தின்மேல் ஆதலின் கூட்டி 4 சதவீதம், 480 ரூபாய் எனலாம். தம் கூலிச்சீட்டில் பிடித்தம் சரியா என்று தாமே பார்த்துக்கொள்ள வல்ல ஒரு தாய், கணக்கறிந்த பிறரை எதிர்நோக்கி நிற்கவேண்டுவதில்லை. அவ்வாற்றலைத் தருவது ஐந்தாம் எட்டாம் வகுப்புக் கணக்கே.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து உரைப்போம். வாக்கியக் கணக்கு ஒன்றைக் கண்டவுடன் எண்களைப் பிடித்து இழுக்கற்க. முதலில் சொற்களைப் படித்து, எது முழுமை என்று தேடுக. 'மீதியில்', 'விட', 'மேல்', 'உட்பட', 'போக' என்னும் சிறு சொற்களிலேயே முழுமை மறைந்திருக்கும். அவற்றின்கீழ் ஒரு கோடு இடுக. அடுத்து, சதவீதத்தை எளிய பின்னமாக மாற்றுக. 12½, 16⅔, 20, 25, 33⅓ என்பன முறையே 8, 6, 5, 4, 3 ஆகியவற்றில் ஒன்று என்பதை வாய்பாடுபோல் மனத்தில் வைத்தால் 54 வினாடி போதும். முழுமை மாறினால் பெருக்குக; மாறாவிடின் கூட்டுக. முழுமை தெரியாது பங்கு மட்டும் தெரிந்தால் வகுக்குக. முடிவில், பெற்ற விடையை வினாவினுள் மீண்டும் வைத்துச் சரிபார்க்க. இந்நான்கும் பழகியவனுக்கு எத்தேர்வாயினும் அஞ்சத்தக்கதன்று.

நம் கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவருள் சிலர் அரசு அலுவலகங்களில் அமர்வர். சிலர் ஆலைகளிலும் ஏற்றுமதிக் கம்பெனிகளிலும் கணக்கேந்துவர். சிலர் தாமே சிறு தொழில் தொடங்குவர். எங்கிருப்பினும், 'நூற்றுக்கு இத்தனை' என்று ஒருவர் அவர்முன் வந்து கூறாத நாள் இராது. அப்போது தயங்காது, 'எதன்மேல்?' என்று கேட்கும் பழக்கம் ஒன்றை இங்கிருந்து கொண்டுசெல்வாராயின், கணித வகுப்பில் கழிந்த பொழுது வீண் போகவில்லை எனக் கொள்ளலாம்.